செங்கல்லும் மணற்கல்லும்: இரு ஒப்பந்ததாரர்கள்

ஷார்ஜாவின் முவைலாவில் எழும்பிக்கொண்டிருக்கும் எந்தக் கட்டடத்தின் முன்னும் ஒரு பலகை நிற்கும். உரிமையாளர், கன்சல்டன்ட், மெயின் காண்ட்ராக்டர் என்று மூன்று பெயர்கள் அதில் அரபியிலும் ஆங்கிலத்திலும் வரிசையாக இருக்கும். கட்டடம் முடிந்து சாவி கைமாறியதும் பலகையைக் கழற்றிவிடுவார்கள். உரிமையாளரின் பெயர் வாயிலுக்குப் போகும். வடிவமைத்தவரின் பெயர் தொழில் ஏடுகளுக்குப் போகும். மூன்றாமவர் தம் ஆட்களையும் சாரக் குழாய்களையும் லாரியில் ஏற்றிக்கொண்டு அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார். அல்ஜாதா குடியிருப்புகளின் பக்கம் வேலை பார்க்கும் நம் ஊர் மேசனுக்கும் ஃபோர்மேனுக்கும் சம்பளம் அந்த மூன்றாம் பெயரிடமிருந்துதான் வருகிறது.

அதே முவைலாவில், பல்கலைக்கழக நகருக்கு அருகே, இரும்புக் காலக் குடியிருப்பு ஒன்று அகழப்பட்டிருக்கிறது. பீட்டர் மாகீ தலைமையில் 1990களில் தொடங்கிய ஆய்வு, மண்செங்கல் சுவர்களையும் மரத்தூண்கள் தாங்கிய ஒரு மண்டபத்தின் கல் அடித்தளங்களையும் வெளிக்கொணர்ந்தது. தீயில் அழிந்த ஊர் அது. ஏறத்தாழ 2,800 ஆண்டுகளுக்கு முன்பு, மரம் எளிதில் கிடைக்காத இந்த மணல்வெளிக்குத் தூணுக்கான மரங்களைக் கொண்டுவந்து, செங்கல் அறுக்க ஆள் சேர்த்து, அவர்களுக்குச் சாப்பாடு போட்ட ஒருவர் இருந்திருக்க வேண்டும். மண்டபம் யாருடையது என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். அதை எழுப்பும் பொறுப்பை ஏற்றவர் யார் என்ற கேள்வியே எழவில்லை.

மூன்றாம் பெயருக்கு ஒரு வரலாறு எழுத வேண்டுமானால், இந்தியாவில் இருவரைக் கொண்டு தொடங்கலாம். ஒருவர் சென்னையின் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். மற்றவர் தில்லியின் சர்தார் சோபா சிங். முன்னவர் 1856இல் பிறந்து 1925இல் மறைந்தார். பின்னவர் 1890இல் பிறந்து 1978வரை இருந்தார். செட்டியார் கண்மூடிய ஆண்டில் சிங்குக்கு வயது 35. தில்லியின் ரைசினா மேட்டில் சிங்கின் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஒருவர் கை செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் தேர்ந்தது. மற்றவர் கை மணற்கல்லில் தேர்ந்தது. ஒருவர் கட்டியது 250 ஆண்டுப் பழமையுள்ள துறைமுக நகரத்தில். மற்றவர் கட்டியது அதுவரை இல்லாத ஒரு தலைநகரத்தை. வேற்றுமைகளைக் கூட்டிக்கொண்டே போகலாம். ஆனால் இருவரையும் அருகருகே வைத்துப் பார்க்கப் பார்க்க, ஒற்றுமைகள்தாம் வியப்பைத் தருகின்றன. அவையும் நாம் தேடாத மூலைகளிலிருந்தே வருகின்றன.

முதல் வியப்பு சிம்லா. சென்னையில் செட்டியாரின் பெரும்பாலான கட்டடங்களை வரைந்த ஹென்றி இர்வின், சிம்லாவில் வைஸ்ராய் மாளிகையை 1888இல் முடித்துவிட்டு தெற்கே வந்தவர். தில்லியில் சோபா சிங் இறங்கியபோது அவர் கையிலிருந்த முதலும் அனுபவமும் தந்தை சுஜான் சிங்கோடு சேர்ந்து ஈட்டியவை. அதில் பெரும்பங்கு 1903இல் திறக்கப்பட்ட கல்கா – சிம்லா மலை ரயில் பாதையின் ஒப்பந்த வேலைகளிலிருந்து வந்தது. கோடைத் தலைநகரின் உச்சியில் இருந்த மாளிகை சென்னைக்கு ஒரு வடிவமைப்பாளரைத் தந்தது. அந்த உச்சிக்கு ஏறிய பாதை தில்லிக்கு ஓர் ஒப்பந்ததாரரைத் தந்தது. பேரரசு தன் வசதிக்காக ஒரு மலையைச் செதுக்கியதன் மிச்சத்திலிருந்து இரண்டு நகரங்களின் முகம் உருவானது என்று சொன்னால் மிகையாகாது.

சோபா சிங்கின் ஊர் ஹதாலி. இன்றைய பாகிஸ்தான் பஞ்சாபில், குஷாப் வட்டாரத்தில், மணலும் ஒட்டகமும் நிறைந்த ஊர். குடும்பம் சரக்கேற்றிப் பிழைத்தது. பிறகு ரயில் வந்தது, ரயிலோடு ஒப்பந்தம் வந்தது. செட்டியார் பிறந்ததோ தெலுங்கு பேசும் வணிகக் குடியில். கணக்கும் கடன்பத்திரமும் பிறவியிலேயே பழகிய சமூகம். ஆகவே இருவரும் கட்டடக்கலைக்குள் கலை வழியாக நுழையவில்லை. ஒருவர் சரக்குப் போக்குவரத்து வழியாக வந்தார். மற்றவர் வணிகம் வழியாக வந்தார். இன்று முவைலாவில் காண்ட்ராக்டிங் கம்பெனி நடத்துபவர்களின் கதையும் பெரும்பாலும் இதே இரு வாசல்களில் ஒன்றில்தான் தொடங்கும்.

வேலையின் இயல்பைச் சற்று நின்று பார்ப்போம். அங்கேதான் இருவரும் மிக நெருங்குகிறார்கள். இருவருக்கும் பெரிய வாடிக்கையாளர் அரசு. டெண்டர் கேட்கவும், முன்பணம் கட்டவும், வேலை முடிந்த அளவுக்குப் பட்டியல் போடவும், அதிகாரி வந்து அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதும்வரை காத்திருக்கவும் வேண்டும். ஆளுக்குக் கூலி வாரக் கடைசியில் கொடுத்தாக வேண்டும். அரசின் பணம் எப்போது வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையிலுள்ள பள்ளத்தைத் தன் பணத்தாலோ கடனாலோ நிரப்புபவரே ஒப்பந்ததாரர். வளைகுடாவில் வங்கி உத்தரவாதம், பில்லில் பிடித்தம், குறை நிவர்த்திக் காலம் முடிந்து பாக்கி வாங்குவது என்று பெயர்கள் மாறியிருக்கின்றன. பள்ளம் அதேதான்.

சென்னை உயர் நீதிமன்றத்தை எடுத்துக்கொள்வோம். 1888 அக்டோபரில் தொடங்கிய வேலை 1892இல் முடிந்தது. முதல் மதிப்பீடு 9.45 லட்சம் ரூபாய். முடிந்தபோது ஆன செலவு ஏறக்குறைய 12.98 லட்சம். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் கூடிவிட்டது. வடிவமைப்பாளர் பிராசிங்டன் போட்ட முதல் திட்டத்தை இர்வினும் ஸ்டீபன்ஸும் கைமாற்றி விரித்தார்கள். திட்டம் மாறும்போதெல்லாம் ஆளும் பொருளும் மாறும். அந்த மாற்றத்தின் முதல் அடி ஒப்பந்ததாரரின் கைப்பணத்தில்தான் விழும். தொடங்கியபோது செட்டியாருக்கு வயது 32. அந்த வயதில் அப்படியொரு வேலையைத் தூக்கிச் சுமந்து நான்கே ஆண்டில் நிறுத்திக் காட்டியதே அவருடைய உண்மையான சாதனை என்பது என் கருத்து. குவிமாடங்களின் அழகு இர்வினுடையது. அவை குறித்த காலத்தில் வானில் நின்றது செட்டியாருடையது.

சோபா சிங்குக்கு வாய்த்தது இதற்கு நேர் எதிரான சோதனை. செட்டியார் திட்டத்தின் விரிவைத் தாங்கினார்; சிங் காலத்தின் நீட்சியைத் தாங்கினார். ஐந்தாம் ஜார்ஜ் 1911 டிசம்பர் 15இல் புதிய தலைநகருக்கு அடிக்கல் நாட்டினார். நாட்டிய இடம் பொருந்தாது என்று தெரிந்து, கற்கள் பெயர்க்கப்பட்டு ரைசினா மேட்டுப் பக்கம் கொண்டுபோகப்பட்டன. அந்தக் கற்களை இரவோடிரவாக நகர்த்தும் பணி இளைஞர் சோபா சிங்கிடம் வந்தது என்பது அவர் குடும்பம் சொல்லிவந்த கதை. சில ஆண்டுகளில் முடியும் என்று தொடங்கிய நகரம், முதல் உலகப் போர் குறுக்கிட்டதால் 1931 பிப்ரவரியில்தான் முறைப்படி திறக்கப்பட்டது. வேலை குறையும்போதும் சேர்த்த ஆட்களைக் கலையவிடாமல் வைத்திருப்பதும், வேகம் பிடிக்கும்போது அவர்களை மூன்று மடங்காக்குவதும் ஒரு தனிக் கலை. சவுத் பிளாக்கின் நீண்ட தூண் வரிசைக்கும் இந்தியா கேட்டின் வளைவுக்கும் பின்னால் அந்தக் கலையும் இருக்கிறது.

பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். உயர் நீதிமன்றத்துக்கு இரும்பு உத்தரங்களும் சில அலங்கார ஓடுகளும் வெளியிலிருந்து வந்தன. செங்கல்லும் சுடுமண் வேலைப்பாடும் அரசுச் சூளைகளிலிருந்தே வந்தன. தில்லிக்குத் தோல்பூர் பக்கத்துச் சிவப்பும் மஞ்சளுமான மணற்கல் ரயிலில் வந்து மலைபோல் குவிந்தது. அதைச் செதுக்கவே ஒரு பெரும் களம் அமைத்தார்கள். சென்னையில் திறமை கொத்தனாரின் கரண்டியில் இருந்தது. தில்லியில் அது கல்தச்சனின் உளியில் இருந்தது. எழும்பூரில் விக்டோரியா நினைவு மண்டபத்தைக் கட்டும்போது செட்டியாரும் செந்நிற மணற்கல்லைத் தொட்டார். 1906இல் அடிக்கல் நாட்டி 1909இல் திறக்கப்பட்ட அந்த மண்டபம், ஃபதேபூர் சிக்ரியின் சாயலைச் சென்னைக்குக் கொண்டுவந்தது. அடிக்கல் நாட்டியவர் அன்றைய வேல்ஸ் இளவரசர். ஐந்தாண்டுகள் கழித்துத் தில்லியில் அடிக்கல் நாட்டிய ஐந்தாம் ஜார்ஜ் அரசர் அவரேதான். ஒரே கை நாட்டிய கற்களின் மேல் இருவரும் சுவர் எழுப்பினார்கள்.

வடிவமைப்பாளர்களோடு இருந்த உறவிலும் ஒரு சமச்சீர் தென்படுகிறது. செட்டியார் சிஸ்ஹோமுக்கும் கட்டினார், அவருக்குப் பின் அரசின் ஆலோசகக் கட்டடக் கலைஞராக வந்த இர்வினுக்கும் கட்டினார். 1888க்கும் 1890க்கும் இடையில் எழுந்த விக்டோரியா பொது மண்டபம் முன்னவருடையது. உயர் நீதிமன்றம், 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம், கடற்கரைச் சாலையில் 1897இல் முடிந்த மெட்ராஸ் வங்கி ஆகியவற்றில் பின்னவரின் கை இருக்கிறது. சோபா சிங் ஹெர்பர்ட் பேக்கருக்கும் கட்டினார், எட்வின் லட்யன்ஸுக்கும் கட்டினார். சவுத் பிளாக் பேக்கருடையது, இந்தியா கேட் லட்யன்ஸுடையது. ரைசினா மேட்டின் சரிவு வைஸ்ராய் மாளிகையை மறைக்கிறது என்று அந்த இரு நண்பர்களும் முறைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருந்தது கட்டடக்கலை வரலாற்றில் பெரிய அத்தியாயம். அந்தச் சண்டைக்கு நடுவே இருவருக்கும் கல் அடுக்கிக் கொடுத்தவர் ஒரே மனிதர். கலைஞர்கள் மாறலாம், மோதலாம், ஊர் திரும்பலாம். கட்டுபவர் அதே ஊரில் இருந்து எல்லோருக்கும் வேலை செய்தாக வேண்டும். கட்டடக் கலைஞரின் வரலாறு பாணிகளின் வரலாறாக அமைகிறது; ஒப்பந்ததாரரின் வரலாறோ உறவுகளின் வரலாறாக அமைகிறது. அதனால்தான் பின்னது எழுதப்படாமல் போகிறது.

இனி, இந்த ஒப்பீட்டின் மையத்துக்கு வருவோம். அது நிலம்.

சேத்துப்பட்டில் செட்டியாருக்கு 99 வீடுகள் இருந்தன என்பது சென்னையில் அனைவரும் அறிந்த செய்தி. ஹாரிங்டன் சாலையில் அவர் குடியிருந்த கிரைனன்ட் மாளிகையைச் சுற்றி ஒரு பேட்டையே அவர் கையில் இருந்தது. நூறாவது வீட்டை வாங்காமல் நிறுத்திக்கொண்டார் என்று நம்பிக்கையோடு சேர்த்துச் சொல்வார்கள். சோபா சிங்கையோ ‘பாதித் தில்லியின் சொந்தக்காரர்’ என்று அழைத்தார்கள். கன்னாட் பிளேஸ் என்ற பெயரே புதிதாக இருந்த நாட்களில், நரிகளும் முட்செடிகளும் இருந்த அந்த வெளியில், சதுர கஜம் 2 ரூபாய் விலைக்கெல்லாம் அவர் மனை வாங்கினார். பிறகு 1945இல், வால்டர் ஜார்ஜின் வடிவமைப்பில், புதுதில்லியின் முதல் அடுக்குக் குடியிருப்பு வளாகத்தை எழுப்பி அதற்குத் தந்தையின் பெயரைச் சூட்டினார். சுஜான் சிங் பார்க் இன்றும் அதே செங்கல் வளைவுகளோடு நிற்கிறது. அரசுக்குக் கல்லில் கட்டியவர் தமக்குச் செங்கல்லில் கட்டிக்கொண்டார் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

இதை வெறும் பேராசை என்று தள்ளிவிடுவது எளிது, தவறும்கூட. ஒப்பந்ததாரருக்கு வருமானம் சீராக வருவதில்லை. பெரிய பட்டியல் பாஸானால் ஒரே நாளில் கை நிறையும். பிறகு மாதக்கணக்கில் வறளும். நிறைந்த நாளில் நிலம் வாங்கி வைத்தால் வறண்ட நாளில் அதை ஈடு காட்டிக் கடன் வாங்கலாம். அடுத்த டெண்டருக்கு அதுவே ஜாமீன். மேலும், எந்தச் சாலை எங்கே திரும்பும், எந்த மேட்டில் அரசு கால் ஊன்றும், எந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும் என்பது மற்ற எவருக்கும் முன்பாக அவருக்குத்தான் தெரியும். செட்டியார் தம் காலத்து ஐரோப்பியர் தோட்ட வீடுகளைக் கைவிட்டுப் போகும் வேளையைப் பார்த்து வாங்கினார். பழைய நகரம் கைமாறும்போது அவர் நடுவில் நின்றார். சிங் வெற்று வெளியை வாங்கினார். புதிய நகரம் தம்மை நோக்கி வளரும் என்று பந்தயம் கட்டினார். ஒருவர் முடிந்துகொண்டிருந்த ஒரு வாழ்க்கைமுறையை விலைக்கு வாங்கினார், மற்றவர் இன்னும் தொடங்காத ஒன்றை வாங்கினார். இரண்டு கணக்கும் சரியாகவே வந்தன.

வளைகுடாவில் இருந்து படிப்பவருக்கு இந்த இடம் கூர்மையாகத் தைக்கும். இங்கே வந்து காண்ட்ராக்டிங் தொழிலில் உயர்ந்த தமிழருக்கும் மலையாளிக்கும் அந்த வழி நெடுங்காலம் அடைபட்டே இருந்தது. எந்த மணல்வெளி நாளைக்கு நகரமாகும் என்று அவரும் அறிவார். ஆனால் வெளிநாட்டவராகிய அவர் அதை வாங்க முடியாது. ஷார்ஜாவில் குறிப்பிட்ட திட்டங்களுக்குள் அந்த வாய்ப்புத் திறந்ததே அண்மைக் காலத்தில்தான். அதனால் அவர் பணம் கடல் தாண்டிப் போனது. காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ திருச்சூரிலோ வீடாகவும் தோப்பாகவும் கல்யாண மண்டபமாகவும் அது எழுந்தது. சேத்துப்பட்டும் சுஜான் சிங் பார்க்கும் ஒப்பந்ததாரர் கட்டிய நகரத்துக்குள்ளேயே அவர் பெயரை ஊன்றின. முவைலாவைக் கட்டியவரின் பெயரைத் தேடுபவர் வேறொரு கடற்கரைக்குத்தான் போக வேண்டும்.

செல்வத்தோடு சிறப்புகளும் வந்தன. செட்டியார் திவான் பகதூர் ஆனார். சிங் 1944இல் சர் ஆனார். சென்னையில் முதன்முதல் மோட்டார் கார் வைத்திருந்த இந்தியர்களில் ஒருவர் செட்டியார். அவருடைய பிரெஞ்சு டி டியோன் பூத்தோன் காரைப் பற்றி ஊர் பேசியது. திருவள்ளூர் போய்வர அவருக்கெனத் தனி ரயில் பெட்டிகள் இருந்தன என்றும் சொல்வார்கள். தில்லியிலும் ஒரு ரயில் இருந்தது. ஆனால் அது இம்பீரியல் தில்லி ரயில்வே என்ற குறுகிய பாதை, பதர்பூரிலிருந்து செம்மண்சரளை சுமந்து பிற்காலக் கன்னாட் சர்க்கஸ் வழியாகப் போனது. சோபா சிங்கின் பதவிகள் ஆட்சி மன்றத்தின் பக்கம் வளர்ந்தன: கவுன்சில் ஆஃப் ஸ்டேட், புதுதில்லி நகராட்சி. பகட்டில் செட்டியார் முந்தினார். பதவியில் சிங் முந்தினார். இரண்டுக்கும் அடியில் இருந்தது ஆட்சியாளரின் நம்பிக்கை. அது இல்லாமல் அந்தத் தொழிலும் இல்லை.

இந்த நம்பிக்கைதான் இருவருடைய நினைவையும் எதிரெதிர்த் திசைகளில் இழுத்துச் சென்றது. அந்தத் திருப்பத்துக்குச் சற்று நேரம் கொடுப்போம்.

1919இல் இங்கிலாந்திலிருந்து உடல் தளர்ந்து திரும்பிய கணித மேதை ராமானுஜன், 1920இன் தொடக்க மாதங்களைச் சென்னையில் கழித்தார். சேத்துப்பட்டில் செட்டியாரின் வீடுகள் அவருக்குத் திறந்தன. முதலில் கிரைனன்ட், பிறகு கோமெத்ரா. ஜனவரி 12ஆம் தேதி கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் போலித் தீட்டா சார்புகள் என்ற புதிய கண்டுபிடிப்பை அவர் அறிவித்திருந்தார். இறுதி வாரங்கள்வரை மனைவி ஜானகி எடுத்துக்கொடுத்த தாள்களில் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். ஏப்ரல் 26இல் கோமெத்ராவில் உயிர் பிரிந்தது. பின்னாளில் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்த ‘தொலைந்த நோட்டுப் புத்தகம்’ என்னும் தாள்கள் அந்த இறுதி ஆண்டைச் சேர்ந்தவை. சென்னையின் ஆகப் பெரிய அரசுக் கட்டடங்களைக் கட்டியவரை உலகம் தேடி வந்தால், அவர் கட்டிய நீதிமன்றத்துக்காக வருவதில்லை. ஒரு நோயாளிக்கு அவர் விட்டுக்கொடுத்த அறைக்காக வருகிறது.

1929 ஏப்ரல் 8. தில்லியில் மத்திய சட்டசபையின் பார்வையாளர் மாடத்தில் சோபா சிங் இருந்தார். அந்த வட்டக் கட்டடம் பேக்கரின் வடிவம். கட்டியவர் சோபா சிங்கின் சக ஒப்பந்ததாரர் லட்சுமண் தாஸ். பகத் சிங்கும் பட்டுகேஷ்வர் தத்தும் மாடத்திலிருந்து குண்டு வீசியதைச் சோபா சிங் கண்ணால் கண்டார். நீதிமன்றத்தில் அடையாளம் காட்டினார். பகத் சிங்குக்குத் தூக்கு விதித்தது இந்த வழக்கு அன்று. லாகூரில் சாண்டர்ஸ் கொலைக்காக நடந்த மற்றொரு வழக்கு. குண்டு வீச்சு வழக்கில் கிடைத்தது ஆயுள் தண்டனை. அந்த இளைஞர்களும் தாம் வீசியதை மறைக்கவில்லை. இவ்வளவையும் நேர்மையாக எடுத்து வைத்த பிறகும், நாடு அந்தச் சாட்சியத்தை மறக்கவில்லை. இந்தியா கேட் 1931 பிப்ரவரி 12இல் திறக்கப்பட்டது. பகத் சிங் மார்ச் 23இல் தூக்கிலிடப்பட்டார். ஆறு வாரத்துக்குள் நடந்த இந்த இரண்டும் சோபா சிங்கின் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. 2011இல் தில்லியின் வின்ட்சர் பிளேஸுக்கு அவர் பெயரைச் சூட்டும் யோசனை எழுந்தபோது எதிர்ப்பும் உடனே எழுந்தது.

இரண்டு நிகழ்வுகளும் தொழிலோடு தொடர்பற்றவை. இருவருடைய வாழ்நாள் உழைப்பும் பின்தள்ளப்பட்டு, ஒரு வீட்டின் கதவும் ஒரு மாடத்தின் இருக்கையும் முன்னால் வந்து நிற்கின்றன. ஆழ்ந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரே வேர்தான். கிரைனன்ட்டின் கதவு திறந்தது செட்டியாருக்குப் பல்கலைக்கழகத்தாரோடும் அதிகாரிகளோடும் இருந்த நெருக்கத்தால்; சட்டசபை மாடத்தின் இருக்கை கிடைத்தது சிங்குக்கு ஆட்சியாளரோடு இருந்த நெருக்கத்தால். அதே நெருக்கம் ஒருவரை விருந்தோம்பியாகவும் மற்றவரைச் சாட்சியாகவும் ஆக்கியது. செட்டியார் 1925இல் மறைந்தார். இன்னும் இருபதாண்டுகள் இருந்திருந்தால் அவருக்கும் ஏதோவொரு கூண்டில் நின்று பதில் சொல்லும் நாள் வந்திருக்குமா? வந்திருக்காது என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியவில்லை. ஆகவே ஒருவரைப் புனிதராகவும் மற்றவரைத் துரோகியாகவும் நிறுத்தும் எளிய தராசை நான் ஏற்கவில்லை.

நினைவைக் காத்தவர்களிலும் வேறுபாடு உண்டு. சோபா சிங்குக்கு மகன் குஷ்வந்த் சிங் கிடைத்தார். 1990இல் வந்த அவருடைய ‘தில்லி’ நாவலில் நகரத்தைக் கட்டியவர்களுக்கென ஓர் அத்தியாயமே உண்டு. தன்வரலாற்றிலும் தந்தையின் தொழிலும் குணமும் சாட்சியமும் ஒளிவின்றி வருகின்றன. செட்டியாருக்கு அப்படியொரு மகன் வாய்க்கவில்லை. சென்னையின் வரலாற்றைப் பத்தி பத்தியாகச் சேகரித்த எஸ். முத்தையா போன்றோர் அவரைத் திரும்பத் திரும்ப நினைவூட்டியதால்தான் இன்று அவர் பெயர் வழங்குகிறது. வீட்டுக்குள்ளிருந்து எழுதப்பட்ட நினைவில் சூடு அதிகம், சாய்வும் அதிகம். வெளியிலிருந்து எழுதப்பட்டதில் தேதிகள் உண்டு. மனிதரின் குரல் இல்லை. உயர் நீதிமன்ற வேலையின் நடுவே அவர் எந்த இரவில் தூக்கமின்றி இருந்தார், எந்த மேஸ்திரியை நம்பினார் என்பதையெல்லாம் அறிய ஏங்குகிறோம்.

அந்த மேஸ்திரிகளையும் கொத்தனார்களையும் சித்தாள்களையும் குறித்து இருவர் வரலாற்றிலும் ஒரே அமைதி. தில்லியின் கல் களத்தில் ராஜஸ்தானத்திலிருந்தும் ஆக்ராவிலிருந்தும் வந்தவர்கள் குடிசை போட்டுத் தங்கினார்கள், பெண்கள் சுமந்தார்கள், குழந்தைகள் சரளை மேட்டில் வளர்ந்தன. சென்னையில் குவிமாடத்துக்குச் சுண்ணாம்பு ஏற்றியவர்களும் அப்படியே. இந்தியா கேட்டின் சுவரில் 13,000க்கும் மேற்பட்ட படைவீரர்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்தப் பெயர்களை வெட்டியவர்களின் பெயர்களுக்கு அங்கே இடமில்லை. மூன்றாம் பெயர் மறைந்துபோவதைப் பற்றி வருந்தும் நாம், பலகையில் ஏறவே ஏறாத நான்காம் பெயரை மறந்துவிட்டு வருந்துவது நியாயமாகாது. முவைலாவில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30க்கு வெளிவேலை நின்று 3 மணிக்குத்தான் தொடங்க வேண்டும் என்பது சட்டம். செட்டியாரின் ஆட்களுக்கும் சிங்கின் ஆட்களுக்கும் சித்திரை வெயிலில் அப்படியொரு சட்டம் இருக்கவில்லை.

கட்டடங்களும் தம் தரத்தைத் தாமே நிரூபித்தன. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் கப்பல் வீசிய குண்டு உயர் நீதிமன்ற வளாகத்தின் சுற்றுச்சுவரைத் தாக்கியது. இரவில் கப்பல்களுக்கு வழிகாட்ட அதன் உயர்ந்த குவிகோபுரத்தில் 1894 முதல் எரிந்த விளக்கு கடலிலிருந்தவர்களுக்கு நகரத்தை அடையாளம் காட்டியிருக்கும். கட்டடம் அசையவில்லை. சவுத் பிளாக்கோ ஆட்சியே மாறியதைத் தாங்கியது. யாருக்காகக் கட்டப்பட்டதோ அவர்கள் 1947இல் வெளியேறினார்கள், வேறு கோப்புகளோடு வேறு மனிதர்கள் அதே அறைகளுக்குள் வந்தார்கள்.

இருவரின் தடங்களும் கடைசியில் ஒரே ஊரில் வந்து சேர்ந்த கதையும் உண்டு. சோபா சிங்கின் தம்பி உஜ்ஜல் சிங் 1966இல் சென்னை மாநிலத்தின் ஆளுநராக வந்தார். 1967 மார்ச்சில் அண்ணாவுக்கும் 1969 பிப்ரவரியில் கருணாநிதிக்கும் முதலமைச்சராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர் அவரே. மாநிலம் ‘தமிழ்நாடு’ ஆனதும் அவர் பதவிக்காலத்தில்தான்; 1971 வரை அவர் கிண்டி ராஜ்பவனில் இருந்தார். ஆளுநருக்கு உறுதிமொழி செய்துவைக்கும் பொறுப்பை அரசியல் சட்டம் உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதிக்கே தந்திருக்கிறது. அப்படித்தான், ஹதாலியிலிருந்து தில்லிக்குக் கட்ட வந்த குடும்பத்தின் மகன் ஒருவர், நம்பெருமாள் செட்டியார் கட்டிய கட்டடத்தில் அமர்ந்து தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றத்தின் முன்னிலையில் சென்னை மாநிலத்தின் ஆளுநரானார்.